குரோம் பம்பரை வண்டி நிறத்துக்கு மாத்துறது: நான் ரெண்டு தடவை செஞ்ச வேலை

இன்னைக்கு கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸ் இல்ல. ஒரு பம்பரைப் பத்திப் பேசப்போறேன். "பம்பருக்கு ஒரு எபிசோடா?"னு கேட்டீங்கன்னா, ஆமா. ஏன்னு போகப்போகத் தெரியும்.

நான் டல்லாஸ் பக்கத்துல இர்விங்ல இருக்கேன். இந்த ஊர்ல பிக்கப் டிரக்னா நம்ம ஊர் புல்லட் மாதிரி. தேவை பாதி, ஆசை பாதி. நானும் ஆசைப்பட்டு ஒரு 2018 ஃபோர்டு எஃப்-150 எக்ஸ்எல்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். அடர் சாம்பல் மெட்டாலிக் நிறம், மேக்னடிக்னு பேர். வண்டி சூப்பர். ஆனா முன்னாடியும் பின்னாடியும் பளபளன்னு குரோம் பம்பர். இதே மாடல்ல ஸ்போர்ட் பேக்கேஜ் எடுத்திருந்தா பம்பரும் பாடி கலர்லயே வந்திருக்கும். முதல் ஓனர் எடுக்கல.

1950கள்ல அமெரிக்கக் கார்ல குரோம்னா வசதியோட அடையாளம். இப்போ நிறைய பேர் அதை எடுத்துட்டு வண்டி நிறத்துக்கே மாத்துறாங்க. இங்க அதுக்கு 'குரோம் டிலீட்'னு பேர். டிலீட்னு சொன்னதும் ஒரு பட்டன் அமுக்குற வேலைன்னு நெனச்சேன். அங்கதான் தப்பு ஆரம்பிச்சுது.

ஒரு சனிக்கிழமை, மூணு ஸ்பிரே கேன், கொஞ்சம் உப்புத்தாள். பின் பம்பரைக் கழட்டாமலே தேய்ச்சேன், அடிச்சேன். நடுவுல சின்னச் சின்ன வட்டமா பார்க்கிங் சென்சார் இருக்கும் இல்லையா, அதோட மேலயும் சேர்த்து தாராளமா அடிச்சேன். சாயங்காலம் போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன். அவ்வளவு அழகா இருந்துச்சு.

மூணாவது வாரம், கார் வாஷ்ல தண்ணி அடிச்ச வேகத்துல பெயிண்ட் வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு. அதைவிட மோசமானது அதுக்கு அடுத்த நாள். ஃப்ரெண்டு வீட்டு டிரைவ்வேல ரிவர்ஸ் எடுக்கிறேன். கேமரா லென்ஸ்ல சேறு, நான் கண்ணாடியை மட்டும் பார்த்துட்டு இருக்கேன். சென்சார் கத்தவே இல்ல. 'டக்'னு ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தா, அவன் பொண்ணோட சின்ன சைக்கிள், பம்பருக்குக் கீழ. பாப்பாவுக்கு நாலு வயசு. அந்த நேரம் உள்ள சாப்பிட்டுட்டு இருந்தா. "விடுடா மச்சான், சைக்கிள்தானே"ன்னு அவன் சொன்னான். எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

கேமராவைத் துடைக்காதது என் தப்பு, அதுல சந்தேகமில்ல. ஆனா சென்சாரை ஊமையாக்கினதும் நான்தான். அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்கா படிச்சேன். படிச்சது ரெண்டு விஷயம்.

முதல் விஷயம், பெயிண்ட் ஏன் உரிஞ்சுது? குரோம் பம்பர்னா முழுசும் குரோம் கிடையாது. அடியில இரும்பு, அதாவது ஸ்டீல். அதுக்கு மேல நிக்கல் பூச்சு. அதுக்கும் மேல குரோமியம், அது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. துருப்பிடிக்காம காப்பாத்துற வேலையில பெரும்பங்கு நிக்கலோடது. நீலம் கலந்த அந்த மினுக்கு மட்டும் குரோமியம். இந்தக் குரோமியம் காத்து பட்டதும் தன் மேல ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தை உருவாக்கிக்கும். அது வேற எதோடயும் சுலபத்துல சேராது. மேற்பரப்பும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. பெயிண்டுக்குப் பிடிமானமே கிடையாது. சோப்புத் தண்ணி ஊத்தின டைல்ஸ் மேல ஸ்டிக்கர் ஒட்டின கதைதான்.

அப்போ என்னதான் வழி? நாலு இருக்கு.

ஒண்ணு, வினைல் ராப். ஸ்டிக்கர் மாதிரி சுத்துறது. பிடிக்கலைன்னா உரிச்சுடலாம். ஆனா பம்பரோட வளைவு, சரளைக்கல், டெக்சாஸ் வெயில் மூணும் சேர்ந்தா ஓரம் தூக்க ஆரம்பிக்கும். சென்சார் இருக்கிற இடத்தை வெட்டி விடணும், மேல மூடக்கூடாது.

ரெண்டு, குரோம் மேல மாட்டுற பிளாஸ்டிக் உறை. பெயிண்ட் அடிச்சே வாங்கலாம். பம்பரைக் கழட்ட வேண்டியதில்ல. ஆனா உறைக்கும் குரோமுக்கும் நடுவுல தண்ணியும் மண்ணும் தங்கும். அடியில ஏற்கனவே துரு இருந்தா, உறை அதை மறைக்குமே தவிர நிறுத்தாது.

மூணு, இருக்கிற குரோம் மேலயே முறையா பெயிண்ட். எண்ணெய்ப் பசை போகத் துடைச்சு, மினுக்கு முழுசா சாகுற வரைக்கும் தேய்ச்சு, எபாக்சி பிரைமர், அப்புறம் கலர், கடைசியா கிளியர் கோட். எங்கயாவது குரோம் ஏற்கனவே கொப்பளிச்சிருந்தா, அது மேல என்ன அடிச்சாலும் சேர்ந்தே வந்துடும்.

நாலு, பிரைமர் அடிச்சு வர்ற புது பம்பரை வாங்கி, பெயிண்ட் அடிச்சு மாட்டுறது. செலவு அதிகம். ஆனா குரோமோட மல்லுக்கட்ட வேண்டாம். பழைய பம்பரை விக்கலாம், இல்ல ஷெட்ல எடுத்து வைக்கலாம். நான் கடைசியில இதைத்தான் எடுத்தேன்.

பெயிண்டை மட்டும் வீட்ல அடிக்காதீங்க. ஹார்டனர் கலந்து அடிக்கிற கிளியர் கோட்ல ஐசோசயனேட்டுனு ஒரு ரசாயனம் இருக்கும். மூச்சுல போனா ஆஸ்துமாவே வரலாம். கோவிட் நேரத்து துணி மாஸ்க் அதுக்குப் பத்தாது. பெயிண்ட் பூத் இருக்கிற கடையில குடுத்துடுங்க.

இப்போ கலர் மேட்ச். டிரைவர் கதவைத் திறந்தா, பக்கத்துத் தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல பெயிண்ட் கோட் போட்டிருக்கும். மேக்னடிக்குக்கு ஜே7. கோட் குடுத்தா கலர் வந்துடும்னு நெனச்சேன். வராது. ஒரே கோட்லயே கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசத்தோட பல கலவை இருக்கும். வண்டியும் இத்தனை வருஷம் வெயில்ல நின்னிருக்கு. மெட்டாலிக்ல இன்னொரு சிக்கல். உள்ள இருக்கிற அலுமினியத் துகள் எப்படிப் படியுதோ, அதைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும். ஸ்பிரே கன்னோட அழுத்தம், தூரம், எவ்வளவு ஈரமா அடிக்கிறாங்கங்கிறது எல்லாமே கணக்கு. அதனால முதல்ல ஒரு அட்டையில அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. அதை வெயில்ல வண்டி பக்கத்துல வெச்சு, நேரா பாருங்க, சாய்வாவும் பாருங்க. நேரா சரியா இருந்து சாய்வுல கறுத்துத் தெரிஞ்சா, திரும்பக் கலக்கச் சொல்லுங்க. தயங்காதீங்க.

இதுல பிக்கப்புக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பம்பருக்கும் பாடிக்கும் நடுவுல நல்ல இடைவெளி இருக்கும், பின் பம்பர் மேல கறுப்பு பிளாஸ்டிக் படியும் இருக்கும். அதனால நூலளவு வித்தியாசத்தைக் கண்ணு மன்னிச்சுடும்.

ரெண்டாவது விஷயம், சென்சார். இந்த வட்டத்தோட முகம் ஒரு மெல்லிய தகடு. அது நம்ம காதுக்குக் கேக்காத அதிர்வெண்ல துடிச்சு ஒலி அனுப்பும். எதிரொலி வர்ற நேரத்தை வெச்சு தூரத்தைக் கணக்குப் போடும். ஒரு மீட்டர் தூரத்துல இருக்கிற பொருள்னா, போய்த் திரும்ப சுமார் 6 மில்லிசெகண்ட். அந்தத் தகடு மேல மூணு கோட் பெயிண்ட் அடிச்சா எப்படித் துடிக்கும்? சுத்தியிருக்கிற இடுக்குலயும் பெயிண்ட் இறங்கினா, பம்பரோட சேர்த்து ஒட்டிக்கும். ஃபேக்டரியிலயும் சென்சாருக்கு பெயிண்ட் அடிக்கிறாங்கதான். ஆனா தனியா, மெல்லிசா. அதனால சென்சாரைக் கழட்டிக் குடுங்க, இல்ல பெயிண்ட் அடிச்ச புது சென்சாரா வாங்குங்க. உங்க வண்டியில ரேடார் குரூஸ் கண்ட்ரோல் இருந்தா இன்னும் கவனம் வேணும். அது 77 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும். அதுக்கு முன்னாடி கனமான மெட்டாலிக் பெயிண்ட் வந்தா சிக்னல் குறையும். கம்பெனி மேனுவல்ல என்ன சொல்லியிருக்குன்னு பார்க்காம அந்த இடத்தைத் தொடாதீங்க.

சென்னையில, கோயம்புத்தூர்ல இருந்து கேக்குறவங்களுக்கும் இது பொருந்தும். இந்தியாவுல 2019 ஜூலைல இருந்து புது கார்கள்ல பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம். பம்பர் உரசிடுச்சுன்னு டிங்கரிங் விடும்போது, சென்சாரை என்ன பண்ணப்போறாங்கன்னு முதல்லயே கேளுங்க.

மாட்டுற அன்னைக்கு ரெண்டு பேர் வேணும், ஸ்டீல் பம்பர் கனம். கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கனெக்டரையும் போட்டோ எடுத்துக்குங்க: நம்பர் பிளேட் லைட், டிரெய்லர் பிளக், சென்சார் ஒயர். எனக்கு உதவிக்கு வந்தது அதே ஃப்ரெண்டுதான்.

எல்லாம் மாட்டினதும் நான் முதல்ல போட்டோ எடுக்கல. கேமராவைத் துடைச்சேன். பின்னாடி ஒரு அட்டைப்பெட்டியை வெச்சுட்டு, மெதுவா ரிவர்ஸ் எடுத்தேன். 'பீப்... பீப்... பீப்பீப்...' அந்தச் சத்தம் கேட்டதும்தான் மூச்சே வந்துச்சு. இடது, நடு, வலதுன்னு பெட்டியை நகர்த்தி நகர்த்தி மூணு தடவை பார்த்தேன். நீங்களும் அதே மாதிரி பாருங்க. கடைக்காரர் "எல்லாம் ஓகே சார்"னு சொன்னாலும் பாருங்க.

பாப்பாவுக்குப் புது சைக்கிள் வாங்கிக் குடுத்தாச்சு. என்ன கலர் வேணும்னு கேட்டேன். "பளபளன்னு இருக்கணும் மாமா"ன்னா. குரோம் ஹேண்டில்பார் வெச்சதா பார்த்துத்தான் வாங்கினேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.