மின்சார வண்டியும் மக்கள் வாதமும்

மக்கள் கூடிப் பேசுமிடங்களில் இக்காலத்து அடிக்கடி எழும் வாதங்களுள் மின்சார மோட்டார் வண்டியைப் பற்றியதும் ஒன்றாம். அதுவே உலகைக் காக்க வந்தது என்பர் ஒரு சாரார். அது செல்வர் விளையாட்டு என்பர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் உரத்துப் பேசுவரேயன்றி, ஒருவர் வினாவிற்கு மற்றவர் விடையிறுத்தல் அரிது. இதற்குக் காரணம் யாதோவெனின், வெவ்வேறான மூன்று வினாக்களை ஒன்றாகக் கலந்து பேசுதலேயாம். அவ்வண்டியின் இயல்பு யாது என்பது முதல் வினா. அஃது ஓடும் நாட்டின் நிலை யாது என்பது இரண்டாம் வினா. அதற்காகும் செலவை யார் தாங்குவது என்பது மூன்றாம் வினா. இவற்றை முறையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மின்வண்டி நேற்றுத் தோன்றிய புதுமையன்று. 1899-ஆம் ஆண்டிலேயே ஜெனாட்சி என்னும் பெல்ஜியம் நாட்டவர் பாரிஸ் நகருக்கு அண்மையில் மின்வண்டியொன்றை மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் ஓட்டினார். சாலையிற் செல்லும் மோட்டார் வண்டி எதுவும் அதற்கு முன் அவ்விரைவை எய்தியதில்லை. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் செய்யப்பெற்ற மோட்டார் வண்டிகளுள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டவை மின்வண்டிகளே. பின்னர் அவை அருகியது ஏன்? 1908-இல் ஃபோர்டு என்பார் குறைந்த விலையில் பெட்ரோல் வண்டியை விற்கத் தொடங்கினார். 1912-இல், கையாற் சுழற்றாமலே பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பும் கருவி காடிலாக் வண்டிகளிற் பொருத்தப்பெற்றது. எண்ணெயோ மலிந்து கிடைத்தது; மின்சாரமோ சிற்றூர்களை எட்டவில்லை. ஆகவே, ஒரு பொறியின் வாழ்வும் தாழ்வும் அதன் தன்மையொன்றாலே அமைவதன்று. விலையும் வசதியும் காலமும் சேர்ந்தே அதனை வகுக்கின்றன.

இனி முதல் வினாவிற்கு வருவோம். பெட்ரோல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே சக்கரத்தைச் சென்றடைகின்றது; எஞ்சியதிற் பெரும்பகுதி வெப்பமாய்க் கழிந்தொழிகின்றது. மின்வண்டியிலோ, பாட்டரியிற் சேமித்த ஆற்றலில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் ஓட்டத்திற்குப் பயன்படுகின்றது. வேகத்தைக் குறைக்குங்கால் மோட்டாரே மின்னாக்கியாய் மாறி, ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பியும் தருகின்றது. இவ்வண்டிக்கு மீண்டும் உயிரளித்தது லித்தியம் அயனிப் பாட்டரி. அதன் ஆக்கத்திற்காகக் குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ என்னும் மூவர்க்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

எனினும், குறையை மறைத்தல் அறிஞர்க்கு அழகன்று. பாட்டரி செய்வதற்கு மிகுந்த ஆற்றல் செலவாதலின், மின்வண்டி தொழிற்சாலையினின்று வெளிப்படும்போது பெட்ரோல் வண்டியினும் மிகுதியான கரியமிலவாயுக் கடனோடுதான் வெளிப்படுகின்றது. பல பாட்டரிகளுக்கு வேண்டும் கோபால்ட்டு என்னும் உலோகத்தில், உலகத்தார் வெட்டியெடுப்பதிற் பாதிக்கு மேற்பட்டது ஆப்பிரிக்காவிலுள்ள காங்கோ நாட்டினின்றே வருகின்றது. ஆங்குச் சிறு சுரங்கங்களிற் சிறுவரும் உழைத்து வருந்துவதை உலகம் அறியும். கோபால்ட்டு வேண்டாத இரும்புப் பாஸ்பேட்டுப் பாட்டரிகள் இப்போது பெருகி வருதல் ஆறுதலளிக்கின்றது. ஆயினும், புகையில்லா வண்டி என்னும் பெயரே நம் மனச்சான்றை உறங்கச் செய்துவிடலாகாது.

இரண்டாம் வினா நாட்டின் நிலையைப் பற்றியது. வண்டி புகை கக்காவிடினும், அதற்கு மின்சாரம் தரும் நிலையம் புகை கக்கலாம். நார்வே நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அருவிகளினின்றும் அணைகளினின்றும் பெறப்படுவது. ஆதலின் ஆங்கோடும் மின்வண்டி தன் பிறப்புக் கடனை விரைவில் தீர்த்துவிடுகின்றது. நம் இந்தியாவிலோ மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியினின்று வருவது. ஈண்டு அக்கடன் மெல்லவே தீரும். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் நிறுவப்பெற்ற 648 மெகாவாட்டுச் சூரிய மின்நிலையம் போல்வன பெருகப் பெருக, முன்னரே வாங்கிய மின்வண்டியும் தூய்மையுறும். பெட்ரோல் வண்டிக்கோ அத்தகைய வளர்ச்சி இல்லை.

மூன்றாம் வினாவே அரசியலாகும். வாதம் சூடேறுவதும் இங்கேயே. இதற்கும் நார்வேயே சிறந்த சான்று. 1989-இல் ஆ-ஹா என்னும் இசைக் குழுவினரும் பெல்லோனா என்னும் சங்கத்தாரும் ஒரு மின்வண்டியைக் கொணர்ந்து, சாலைச் சுங்கம் செலுத்த மறுத்தே ஓட்டினர். 1990-இல் இறக்குமதி வரியும், 1997-இல் சாலைச் சுங்கமும், 2001-இல் விற்பனையின்மேல் விதிக்கும் வரியும் மின்வண்டிக்கு நீக்கப்பெற்றன. பெட்ரோல் வண்டியை எவரும் தடுக்கவில்லை; அதன் வரியை மட்டும் குறைத்திலர். 2024-இல் ஆங்குப் புதியனவாய் விற்ற கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்வண்டிகளாயின.

வெற்றியென்றே இதனைக் கூறலாம். ஆயினும் அதன் விலையை யார் கொடுத்தார்? புதிய கார் வாங்க வல்ல செல்வரே வரிவிலக்கின் பயனை முதலில் நுகர்ந்தனர். பழைய வண்டியை விட இயலாதவர் சுங்கச் சாவடியிற் பணத்தை எண்ணி வைத்தனர். 2019-இல் பெர்கென் நகரத் தேர்தலில், சாலைச் சுங்கத்தை எதிர்த்தெழுந்த கட்சி ஏறத்தாழ ஆறிலொரு பங்கு வாக்குகளைப் பெற்றது. அவ்வாக்காளர் அனைவரும் மின்வண்டியின் பகைவரல்லர். சுமை ஒப்பப் பகிரப்படவில்லை என்பதே பலர் முறையீடு. அரசாங்கத்தாரும் 2023 முதல், விலையில் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு அவ்விற்பனை வரியை விதித்தனர். தம் மின்வண்டிகளுக்கு உதவிய அந்நாட்டார், எண்ணெயையும் எரிவாயுவையும் பிறநாட்டார்க்கு விற்றே பெருஞ்செல்வம் ஈட்டியவர் என்பதும் மறக்கற்பாலதன்று.

இம்மூன்று வினாக்களையும் பிரித்தறிந்தால் வாதத்திற் பாதி தானே அடங்கும். பொறியின் ஆற்றலை அளந்து காட்டுவார்க்குக் கட்சி வேண்டுவதில்லை. மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பதற்குக் கணக்கே சான்று. செலவை யார் தாங்குவது என்பதொன்றே உண்மையில் மக்கள் கூடி வழக்காடித் தீர்க்கவேண்டுவது. அதனை விடுத்து, அளந்தறிய வேண்டியவற்றிற்கு வாக்கெடுப்பதும், அறத்தால் தீர்க்க வேண்டியவற்றைப் பொறிவல்லார் தலையிற் சுமத்துவதும் பயனில செயல்களாம்.

நம் நாட்டிற் கார் உடையார் சிலர். பேருந்திற் செல்வாரும் நடந்து செல்வாரும் பலர். பொதுப்பணத்தைச் செலவிடுங்கால் தனியார் காருக்கு முன்னே மின்சாரப் பேருந்தைக் கருதுதல் முறையென்பது எம் துணிபு. அதன் தூய காற்று, அதில் ஏறாதவர்க்கும் கிட்டும். நிலமும் நீரும் காற்றும் ஆண்டவர் நம்மிடம் ஒப்புவித்தவை. நாம் அவற்றிற்கு உடையவர் அல்லேம், உக்கிராணக்காரரே. கணக்கு ஒப்புவிக்க வேண்டிய உக்கிராணக்காரன், எவ்வண்டி சிறந்தது என்று வினவுவதோடு அமையான். அதனால் யார் வாழ்ந்தார், யார் வாடினார் என்றும் வினவுவான். நம் கல்லூரிச் சொற்போர் மேடைகளிலும் அவ்வினா முதற்கண் எழுமாக!