மேட்டில் கியர்பெட்டி ஏன் கொதிக்கிறது?

அமெரிக்காவின் அரிசோனாவில், டேவிஸ் அணைப் பக்கமிருந்து மலையேறும் சாலை ஏறக்குறைய 18 கிலோமீட்டர். பிக்கப் டிரக்குகளின் இழுவைத்திறனைச் சோதிக்க அதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்: சுமார் 38 டிகிரி வெயில், பின்னால் பாரமான டிரெய்லர், உள்ளே முழு ஏசி. ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கு இது கடும் சோதனை.

சூடு எங்கிருந்து வருகிறது? எஞ்சினையும் கியர்களையும் இணைப்பது டார்க் கன்வர்ட்டர். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்று ஓடினால் அதன் காற்றில் மற்றதும் சுழலுமே, அதுபோல் இங்கே ஒரு சக்கரம் வீசும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது. இரண்டின் வேகமும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தில் வீணாகும் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. பாரத்தோடு மெதுவாக மேடேறும்போது வித்தியாசம் மிக அதிகம்.

எண்ணெய்க்கு 80 முதல் 95 டிகிரி வரை இதம். அதன்பின் ஏறத்தாழ 10 டிகிரிக்கு ஒருமுறை ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. சீல்கள் விறைக்கும்; கிளட்ச் தகடுகள் வழுக்கும்; வழுக்கல் மேலும் சூடாக்கும்.

ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் மட்டும் போதாது. அங்குள்ள நீரே 90 டிகிரியை ஒட்டி இருக்கிறது. முகப்பில் காற்றுபடும் தனிக் கூலர் உதவும். ஆனால் பலர் மறப்பது, பாரம் இழுக்கும்போது அழுத்தவேண்டிய டோ-ஹால் பொத்தானை. அது டாப் கியருக்குத் தாவாமல் தடுக்கும். கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்ச் பூட்டிக்கொள்ளவும் வழிசெய்யும். பூட்டியபின் வேக வித்தியாசமே இல்லை. கீழ்க் கியரில் எஞ்சின் இரைகிறதே என்று அஞ்சவேண்டாம். அப்படியும் சூடேறினால் ஓரங்கட்டி, நியூட்ரலில் எஞ்சினைச் சற்று உயர்வேகத்தில் ஓடவிடுங்கள். பம்ப் எண்ணெயைக் கூலருக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும்.