மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா?

மன்மதன் சாகப்போகிறான் என்பது இலங்கையின் ஊவா மலையில் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாசி மாதத்து அமாவாசை கழிந்து பிறை கண்டதும் காமன் கம்பம் ஊன்றுவார்கள். கரும்பும் ஆமணக்கும் சேர்த்துக் கட்டிய அந்தக் கம்பத்தைச் சுற்றி இரவுக்கு இரவு தப்பு முழங்கும். வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள். ரதிக்கும் ஆண்பிள்ளைதான் வேஷம் கட்டுவது வழக்கம். பௌர்ணமியை ஒட்டிய இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள். பிறகு அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் உயிர் பெறுவான். கோப்பி காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த கதை இது. இத்தனை தலைமுறையாகியும் முடிவு மாறவில்லை.

ஆனாலும் பனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு விடிய விடியக் குந்தியிருந்து பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு மறுநாள் கொழுந்து மலையில் வாதாடுகிறார்கள். ரதிதான் கெட்ட கனாக் கண்டு தடுத்தாளே, அதைக் கேட்காமல் ஏன் போனான்? இந்திரன் கூப்பிட்டால் போகத்தான் வேண்டுமா? தேவர்களுக்குக் காரியம் ஆகவேண்டுமென்றால் அவர்களே போய்ச் சிவனின் தவத்தைக் கலைக்க வேண்டியதுதானே, எதற்கு இவனை அனுப்பினார்கள்? தொரை சொன்னால் மறுபேச்சில்லாமல் மலை ஏறிய சனங்களுக்கு இந்தக் கேள்வி சும்மா வராது. “பெரிய எடத்து வேலக்கிப் போனவன் எவன் முழுசா திரும்பி வந்தான்?” என்று ஒரு அம்மாயி முடித்து வைத்தால், பக்கத்து நிரையிலிருந்து இன்னொருத்தி, “அவன் சாகலடி, அவளுக்கு மட்டும் தெரியுறான்ல” என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். மந்திர தந்திரத் தொலைக்காட்சித் தொடர்கள் எப்படி முடியும் என்று உலகமெங்கும் ரசிகர்கள் ஊகம் கட்டுகிறார்களே, அந்த வேலைக்கு ஊவா மலையில் இப்படி ஒரு பழைய பள்ளிக்கூடம் இருக்கிறது.

இந்த வாதத்துக்குத் தஞ்சை வட்டாரத்தில் முறையான மேடையே உண்டு. மராட்டியர் ஆட்சிக் காலத்தில் அங்கே வேரூன்றிய லாவணியில், காமன் பண்டிகையை ஒட்டி எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கம் பிரிந்து, டேப், துந்தினா என்ற இசைக்கருவிகளை வைத்துக்கொண்டு கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு என்று மல்லுக்கு நிற்பார்கள். நெற்றிக்கண் திறந்த பிறகு யார் தப்ப முடியும் என்பது எரிந்த கட்சி. அவன் எரிந்துபோனான் என்றால் உலகத்தில் இன்னும் ஆசை எப்படி உயிரோடு இருக்கிறது என்பது எரியாத கட்சி. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் திருக்குறுக்கை என்று ஊரே இருக்கிறது, காமனை எரித்த தலம் என்று. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் அதற்கென்று ஒரு படலமும் இருக்கிறது. ஊரும் புராணமும் ஒரே முடிவைச் சொன்ன பிறகும் லாவணிக்காரர்கள் விடவில்லை. முடிவைக் கண்டுபிடிப்பது அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் ஒரு பாட்டோடு எழுந்து போயிருப்பார்கள்.

லயத்துத் தகரக் கூரைகளில் டிஷ் ஏறிய பிறகு இந்த வாதத்துக்கு வருஷம் முழுக்கத் தீனி கிடைக்கிறது. நாகக்கன்னி, பழிவாங்கும் ஆவி, மறுபிறவி, மாயக்கல் என்று தமிழ்நாட்டுச் சேனல்களில் வராத மாயம் இல்லை. இஸ்தோப்பில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து அடுத்த வாரக் கதையைச் சொல்லும் பெண்கள், கதைக்குள் மட்டும் துப்புத் தேடுவதில்லை. கதாநாயகி திடீரென்று கோமாவில் படுத்தால், “அந்தப் புள்ளக்கி வேற சீரியல் கெடச்சிருச்சு, அதான் படுக்க வச்சிட்டானுங்க” என்று தயாரிப்பாளரின் மனதைப் படிப்பார்கள். வெள்ளிக்கிழமை எங்கே நிறுத்துவான், எந்த வில்லிக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது என்பது வரை கணக்கு உண்டு. 2022இல் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நாட்டில் கரண்ட் நின்றதே, அந்தக் காலத்தில் பார்க்கக் கிடைக்காத பாதியைக் கேள்வியாலும் ஊகத்தாலும் நிரப்பவேண்டியதாகிவிட்டது. சில தொடர்களைப் பொறுத்தவரை, நிரப்பிய பாதிதான் தேறும்.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும் பதுளையில் கம்பஸ் போகிறவர்களும் இதே கலையை வேறு மொழியில் செய்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பெரிய கூத்து ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’. 2011 ஏப்ரலில் எச்பிஓவில் தொடங்கி 2019 மே மாதம் வரை எட்டு சீசன், 73 எபிசோட் ஓடிய தொடர். அதற்கு மூலம் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசை. ஐந்தாம் நாவல் 2011இல் வந்தது. ஆறாவதை வாசகர்கள் இன்றும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாவல் முந்தியிருக்க வேண்டிய இடத்தில் தொடர் முந்திவிட்டது. அதனால் படித்தவருக்கும் முடிவு தெரியாது, பார்த்தவருக்கும் தெரியாது. ஊகம் விளைய இதைவிட நல்ல மண் கிடைக்குமா?

அந்த ஊகங்களில் மூத்தது ஜான் ஸ்னோவின் பிறப்பைப் பற்றியது. நெட் ஸ்டார்க்கின் கள்ளப்பிள்ளை என்று கதை சொல்லும் அந்தப் பையன், உண்மையில் இளவரசன் ரேகார் தார்கேரியனுக்கும் நெட்டின் தங்கை லியானாவுக்கும் பிறந்தவன் என்று முதல் நாவல் வந்த கொஞ்ச காலத்திலேயே, 1990களின் இறுதியில், வாசகர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். தொடரை எடுக்க அனுமதி கேட்டுப் போன பெனியோஃப், வைஸ் இருவரிடமும் மார்ட்டின் கேட்ட கேள்வியே, ஜானின் தாய் யார் என்பதுதான். சரியான பதில் சொன்னதால் கதை அவர்கள் கைக்கு வந்தது. திரையில் அது உறுதியானது 2016 ஜூனில், ஆறாவது சீசனின் கடைசி எபிசோடில். ஒரு புதிருக்கு விடையைப் பிடித்துவிட்டு ஏறத்தாழ இருபது வருஷம் வாயை மூடாமல் காத்திருந்த கூட்டம் அது. விடை சரியென்று தெரிந்த நாளில் ஏமாந்தவர்கள் யாருமில்லை, கொண்டாடியவர்கள்தான் அதிகம்.

மற்ற ஊகங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அரசி செர்சியின் கழுத்தை இளைய சகோதரன் நெரிப்பான் என்று நாவலில் ஒரு குறி இருக்கிறது. அது டிரியனா, இல்லை அவளோடு இரட்டையாகப் பிறந்து சில நொடி பிந்திய ஜேமியா என்று ரசிகர்கள் வருஷக்கணக்காக இழுத்தார்கள். திரையில் அவள் செத்தது கட்டடம் இடிந்து விழுந்து. பனிப்பேய்களின் தலைவனாகிய இரவு மன்னன்தான் சிறுவன் பிரான் என்று ஒரு பெரிய ஊகம். அதுவும் பொய்த்தது. இரவு மன்னனை ஜான் கொல்வான் என்று எல்லோரும் பார்த்திருக்க, நெட்டின் மகள் ஆர்யா குத்திவிட்டுப் போனாள்.

கடைசி சீசன் வந்த வாரங்கள் இலங்கையில் வேறு மாதிரி கழிந்தன. அமெரிக்கத் திகதிப்படி முதல் எபிசோட் 2019 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். இரண்டாவது வந்தது 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. அன்று காலையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. நாடு முழுக்க ஊரடங்கு. பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன, மாத முடிவு வரை அப்படியே இருந்தன. யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று வீட்டுக்கு வீடு நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்த நாள்களில் கற்பனை நாட்டு மரணங்களைப் பற்றிப் பேச யாருக்கு மனசு வரும்? மே 20ஆம் திகதி, இலங்கை நேரம் விடிகாலையில், கடைசி எபிசோட் வந்தபோது வெசாக் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வாதத்தை விட்ட இடத்தில் எடுக்கப் பலருக்கு அதற்குப் பிறகுதான் முடிந்தது.

எடுத்தபோது சண்டை உச்சத்தில் இருந்தது. டிராகன் அரசி டெனேரிஸ் சரணடைந்த நகரத்தையே எரித்தாள். காதலன் ஜான் அவளைக் குத்தினான். அரியணை பிரானுக்குப் போனது. கடைசி சீசனைத் திறமையான எழுத்தாளர்களை வைத்து மறுபடி எடுக்கச் சொல்லி எழுந்த மனுவில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையொப்பமிட்டார்கள். ஊகம் பொய்த்த ஆத்திரம் என்று அதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் டெனேரிஸின் தந்தை பைத்தியக்கார மன்னன், அந்த ரத்தம் அவளிடமும் வெளிப்படும் என்று முன்னரே சொன்ன ரசிகர்கள் நிறையப் பேர். அவர்கள் சொன்னபடிதான் நடந்தது. அவர்களும்தான் கோபப்பட்டார்கள். ஏழு சீசனாக அடிமைகளை விடுவித்தவள் சரணடையும் மணியோசை கேட்டதும் மாறிவிட்டாள் என்றால், அந்த மாற்றத்துக்கு இரண்டு எபிசோட் போதாது என்பது அவர்கள் குறை. வழக்கு முடிவைப் பற்றியதல்ல, விசாரணை சரியாக நடக்கவில்லை என்பதுதான். இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ரதி ஒரு இரவு முழுக்க அழுது முடித்த பிறகே மன்மதனை எழுப்புகிற கூத்து வாத்தியாருக்கு இது சொல்லாமலே விளங்கும்.

முடிவுக்காகத் தெருவில் இறங்கிய முதல் ரசிகர்கள் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பார்த்தவர்கள் அல்ல. ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’ தூர்தர்ஷனில் 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஓடி, ராமர் பட்டாபிஷேகத்தோடு நின்றது. வடஇந்திய நகரங்கள் சிலவற்றில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜலந்தர் அதில் முக்கியமான இடம். வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்ட மக்கள் அவர்கள். சீதை வால்மீகியின் ஆசிரமத்தில் தங்கி லவகுசர்களைப் பெறும் உத்தர ராமாயணத்தை விட்டுவிட்டால், அந்தக் கதையில் தங்கள் முனிவர் எங்கே என்று கேட்டார்கள். குப்பை குவிந்தது. அரசாங்கம் இறங்கி வந்தது. உத்தர ராமாயணமும் தொடராக வந்தது. கதையின் முடிவு யாருக்குச் சொந்தம் என்பதைத் துடைப்பத்தைக் கீழே வைத்து அவர்கள் கேட்டமாதிரி வேறு எந்த ரசிகர் கூட்டமும் கேட்டதில்லை.

அதே கதையின் இன்னொரு முனை ஊவாவில் இருக்கிறது. வெலிமடைக்குப் பக்கத்தில் திவுரும்பொல, சீதை தீக்குளித்துச் சத்தியம் செய்த இடம் என்று காட்டப்படுகிறது. எல்லவில் ராவணன் குகை, ராவணா நீர்வீழ்ச்சி. இந்த மலைகளில் கேட்டால் ராவணன் செத்த கதையே வேறு. அவன் உடல் மலைக்காட்டில் பத்திரமாகக் கிடக்கிறது, ஒருநாள் எழுவான் என்று நம்பும் சிங்களவர்கள் உண்டு. டிவி தெரணவில் 2018இல் தொடங்கிய ‘ராவண’ என்ற சிங்களத் தொடரில் அவன்தான் நாயகன். நாட்டின் முதல் செய்மதி மறு வருஷம் விண்ணுக்குப் போனபோது அதற்கும் ‘ராவணா 1’ என்றே பெயர் வைத்தார்கள். எரியாத கட்சியில் இதைவிட உயரப் போனவர் கிடையாது! தோட்டத்துத் தமிழ் வீட்டில் ஒரு சேனலில் ராமர் அம்பு விட்டு அவன் விழுகிறான், ரிமோட்டை மாற்றினால் கம்பீரமாக நிற்கிறான். எந்த முடிவை நம்புவது என்று பிள்ளைகள் கேட்டால், பெரியவர்கள் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு எல்லத் திருப்பத்தில் பஸ் நிற்கும்போது குகையைக் காட்டுகிறார்கள்.

முடிவை மறைத்து வைத்துக் காசு பார்த்த கதையும் நம் பக்கத்தில் உண்டு. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார் என்ற ஒரே கேள்வியை 2015 ஜூலையில் முதல் படத்தில் தொங்கவிட்டு, 2017 ஏப்ரலில் இரண்டாம் படத்தில் விடை சொன்னார் ராஜமௌலி. அந்தப் பதில் இன்று பெரும்பாலோருக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும். கேள்வி மட்டும் மறக்கவில்லை.

இப்போது ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ காரர்களே, முடிவு தெரிந்த கதையை ஆடும் காமன் கூத்து முறைக்கு வந்துவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் தொடங்கிய ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடருக்கு மூலநூல் 2018இலேயே அச்சாகிவிட்டது. யார் பட்டம் ஏறுவார், யார் எந்த டிராகனின் வாயில் போவார் என்பது அதில் எழுதியிருக்கிறது, கடைக்குப் போய் வாங்கிப் படிக்கலாம். சண்டை குறையவில்லை. அந்த நூலை மார்ட்டின் ஒரு வரலாற்றாசிரியன் எழுதியதைப் போல எழுதியிருப்பதும் ஒரு காரணம். ஒரே சம்பவத்தை அரண்மனைக் கோமாளி மஷ்ரூம் ஒரு மாதிரியும் மதகுரு யூஸ்டஸ் வேறு மாதிரியும் சொல்வார்கள், எது நிஜம் என்று நூல் தீர்ப்புச் சொல்லாது. அரியணைக்குப் போட்டியிடும் ஏகனின் பச்சைக் கட்சி, ரெனைராவின் கறுப்புக் கட்சி என்று பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 2024இல் இரண்டாவது சீசனுக்குக் கட்சிக்கு ஒன்றாக இரண்டு டிரெய்லரை வெளியிட்டு, பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று சேனலே தூண்டிவிட்டது. அந்த சீசன் முடிந்த அடுத்த மாதம், செப்டம்பரில், தன் நூலில் வரும் ஒரு குழந்தையைத் தொடர்காரர்கள் கதையிலிருந்து எடுத்துவிட்டதால் பின்னால் என்னென்ன கெடும் என்று மார்ட்டினே ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். கதையை எழுதியவரே எதிர்க்கட்சியில் ஏறிப் பாடிய லாவணி அது. கொஞ்ச நேரத்தில் அதை அவர் நீக்கிவிட்டார், அதற்குள் படித்தவர்கள் அதற்கும் இரண்டு கட்சி கட்டியிருந்தார்கள்.