ஆலோசகரின் கணினித் திரையில் உங்கள் அமானிதம்

காத்தான்குடியிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை ஆகிய ஊர்களைக் கடந்தே போக வேண்டும். வெற்றிலைக்கும் மரக்கறிக்கும் பெயர்போன இப்பகுதியில் கொள்முதல் செய்யும் நமது வர்த்தகர்கள் பலரின் சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான்.

வியாபாரம் சற்று வளர்ந்ததும் கொப்பி போதாது. வங்கிச் சேமிப்பு, தகாபுல், பங்கு முதலீடு, பிள்ளைகளின் படிப்புக்கான பணம் என்று பல கிளைகள் விரிகின்றன. இவற்றைப் பார்த்துச் சொல்ல ஒரு நிதி ஆலோசகரை நாடுகிறோம். அவருடைய கொப்பி ஒரு கணினித் திரை. இதனை டாஷ்போர்ட் என்கிறார்கள். வாகனத்தின் டாஷ்போர்ட் பெற்றோல், வேகம், எஞ்சின் சூடு ஆகியவற்றை ஒரே பார்வையில் காட்டுவது போல, ஆலோசகரின் டாஷ்போர்ட் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பண நிலைமையையும் காட்டுகிறது.

இத்தகைய திரைகளைச் செய்பவர்களிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. பாதுகாப்பு வேண்டுமானால் பாவிப்பதற்குக் கஷ்டமாக இருக்க வேண்டும், இலகுவாக இருந்தால் பாதுகாப்பு குறையும் என்பதே அது. நடந்த சம்பவங்கள் வேறொன்றைச் சொல்கின்றன.

மூவர் பார்த்தும் தப்பிய தவறு

2020 ஓகஸ்ட் 11 ஆம் திகதி அமெரிக்காவின் சிட்டி வங்கி, ரெவ்லோன் என்ற அழகுசாதனக் கம்பனியின் கடன் தொடர்பாக ஏறத்தாழ 7.8 மில்லியன் டொலர் வட்டியைக் கடன் கொடுத்தோருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் சென்றதோ சுமார் 900 மில்லியன் டொலர். முதல் தொகை முழுவதும் வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து போய்விட்டது.

இது திருட்டு அல்ல. வங்கி பாவித்த மென்பொருளில் முதல் தொகை வெளியே போகாமல் தடுப்பதற்கு மூன்று கட்டங்களைக் குறிக்க வேண்டும். ஊழியர் ஒன்றை மட்டுமே குறித்தார். இன்னொருவர் சரிபார்த்தார். மூன்றாமவர் அனுமதி கொடுத்தார். மூவருக்கும் அது சரியென்றே தோன்றியது. "இவ்வளவு பணம் வெளியே போகப் போகிறது" என்பதைத் திரை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. பெற்றவர்களில் ஒரு பகுதியினர் சுமார் 500 மில்லியன் டொலரைத் திருப்பித் தர மறுத்தனர். 2021 பெப்ரவரியில் நீதிமன்றம் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2022 செப்டெம்பரில் மேன்முறையீட்டில்தான் அது மாறியது. குழப்பமான திரை இரண்டு வருட வழக்கை இழுத்து வந்தது.

எழுத்துப் பிழை காப்பாற்றிய பணம்

இலங்கையோடு தொடர்புடைய சம்பவம் ஒன்றும் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். நியூயோர்க்கில் இருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து பணத்தை மாற்றும்படி போலிக் கட்டளைகளை அனுப்பினார்கள். அனுப்பப்படும் கட்டளைகளை அச்சிட்டுக் காட்டும் பிரின்டரையும் வேலை செய்யாமல் ஆக்கினார்கள். ஊழியர்கள் அதனை வழமையான கோளாறு என்றே நினைத்தனர். 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

இலங்கைக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன் டொலர் மட்டும் நிறுத்தப்பட்டுத் திரும்பிச் சென்றது. பெறுநர் அமைப்பின் பெயரில் ஆங்கில எழுத்துப் பிழை இருந்ததால் இடையிலிருந்த வங்கியொன்று விளக்கம் கேட்டதே காரணம். பூட்டு உடைந்த பிறகும் பணத்தைக் காத்தது, விபரத்தை வாசித்து ஐயப்பட்ட ஒரு கண்தான். அந்தக் கண்ணுக்குத் தெரியும்படி விபரத்தைக் காட்டுவதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

நல்ல திரை எப்படி இருக்கும்?

தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கிய நீரில் விட்டால் மண் அடியில் படிந்து நீர் தெளியும். தேற்றாத்தீவு அம்மரத்தால் பெயர் பெற்றது என்பர். ஆலோசகரின் திரையும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். முதல் பக்கத்தில் நான்கைந்து விடயங்கள் போதும்: மொத்தச் சொத்து, கையிலுள்ள பணம், இம்மாதம் கட்ட வேண்டியவை, கடைசியாக நடந்த மாற்றம். மற்றவற்றை உள்ளே வைக்கலாம். இலாபமும் நட்டமும் பச்சை, சிவப்பு நிறங்களால் மட்டும் பிரிக்கப்படக் கூடாது. நிறக்குருடு உள்ளவர்களுக்காக அடையாளமும் வேண்டும்.

நமக்கு இன்னொரு தேவையும் உண்டு. வட்டியோடு கலந்த வருமானம் தனியாகத் தெரிய வேண்டும். ஸகாத் கொடுக்க வேண்டிய ஹிஜ்ரித் திகதியும், 85 கிராம் தங்கத்தின் பெறுமதியான நிஸாபை எட்டியிருக்கிறதா என்பதும், 2.5 வீதம் எவ்வளவு என்பதும் திரையிலேயே இருந்தால் ரமழானில் அவசர அவசரமாகக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

பணம் நகரும் இடத்தில் மட்டும் திரை நம்மைச் சற்று நிறுத்த வேண்டும். "இன்னாருக்கு, இந்தக் கணக்கிலிருந்து, இவ்வளவு" என்று முழு வசனத்தில் காட்டி, இரண்டாவது நபர் தனியாக வாசித்து அனுமதித்த பின்பே அனுப்ப வேண்டும். சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம் கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை வைக்கவும் நமக்குக் கட்டளையிடுகிறது. தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பல்படக் கூடாது என்றும் சொல்கிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று அழிக்க முடியாதபடி பதியும் கணினிப் பதிவேடும் ஒரு வகைச் சாட்சியே.

கடவுச்சொல் விடயத்திலும் பழைய பழக்கம் மாறிவிட்டது. அதனை மாதந்தோறும் கட்டாயமாக மாற்றச் சொன்னால் மக்கள் துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டுகிறார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2017 இல் இத்தகைய கட்டாய மாற்றம் தேவையில்லை என்று வழிகாட்டியது. நீளமான ஒரு கடவுச்சொல்லும், கையடக்கத் தொலைபேசியில் இரண்டாவது உறுதிப்படுத்தலும் அதைவிடப் பலன் தரும். ஆனால் தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை ஆலோசகர் உட்பட எவருக்கும் சொல்லக் கூடாது.

வர்த்தகர்கள் கேட்க வேண்டியவை

அடுத்த முறை ஆலோசகரிடம் போகும்போது திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். என் விபரத்தை உங்கள் அலுவலகத்தில் யார் யார் பார்க்கலாம்? நீங்கள் பார்க்க மட்டும் முடியுமா, பணத்தை நகர்த்தவும் முடியுமா? நகர்ந்தால் உடனே எனக்குக் குறுஞ்செய்தி வருமா? உங்கள் தொலைபேசி தொலைந்தால் என்ன செய்வீர்கள்? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய நாட்டில் இவை மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல.

அழகான திரை நேர்மைக்கு அத்தாட்சியும் அல்ல. மோசடிக்காரரும் அழகான திரையைச் செய்வார். எனவே வைப்புப் பணம் பெறும் நிறுவனம் மத்திய வங்கி வெளியிடும் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு திரையைப் பாருங்கள். உங்களுக்கே விளங்காத திரையில் உங்கள் பணத்தை வைக்க அவசரப்படாதீர்கள். நம்பி ஒப்படைத்த பணம் அமானிதம். அதனைக் காப்பது ஆலோசகரின் கடமை. விளங்கும்வரை கேட்பது நமது கடமை.