காரில் சைக்கிள் ஏற்றப் போறீங்களா? ரேக் வாங்கும் முன் காரை அளந்து பாருங்க

ஜவ்வாது மலைக்கும் பர்வதமலை அடிவாரத்துக்கும் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே மிதித்து வருவதில்லை. சென்னையிலிருந்து கலசப்பாக்கத்துக்குக் காரில் வரவே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிறது. அதனால் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, போளூரிலோ கலசப்பாக்கத்திலோ இறக்கி, அங்கிருந்து மிதிக்க ஆரம்பிக்கிறார்கள். இன்னொரு பக்கம், பொங்கலுக்கும் முழுப் பரீட்சை லீவுக்கும் சொந்த ஊர் வரும் குடும்பங்கள். 'என் சைக்கிளையும் எடுத்துட்டுப் போலாம்ப்பா' என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்காகக் காரின் பின்னால் ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு.

இதற்கென்றே விற்கும் ரேக்குகள் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. எத்தனை ஸ்டார், எவ்வளவு தள்ளுபடி என்று பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறோம். ஆனால் ஒரே ரேக் ஒரு காருக்குப் பத்திரம், இன்னொரு காருக்கு ஆபத்து. ரேக்கின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் காரின் அகலம், கூரை தாங்கும் எடை, பின்கதவின் அமைப்பு, இந்த மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

இதில் அலட்சியம் காட்டினால் அடிபடப்போவது சைக்கிள் மட்டுமில்லை. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் காரிலிருந்து 15 கிலோ இரும்பு கழன்று விழுந்தால், அது பின்னால் வருகிறவரின் முன்னால்தான் விழும். வேலூர் - திருவண்ணாமலை சாலையில் பின்னால் வருகிறவர் பெரும்பாலும் பைக்கிலோ ஸ்கூட்டியிலோ வருகிறார். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு.

ரேக் இல்லாமலே முடியுமா?

ஒன்று அல்லது இரண்டு சைக்கிள், காரில் இரண்டு பேர் மட்டும் என்றால் ரேக்கே வேண்டியதில்லை. ஹேட்ச்பேக் காரின் பின் சீட்டை மடக்கி, சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். கியர் சைக்கிள்களில் பலவற்றில் சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர்கூடத் தேவையில்லை, லீவரைத் திறந்தால் போதும். செயின் இருக்கும் பக்கம் மேலே பார்த்தபடி படுக்க வையுங்கள். கீழே ஒரு பழைய போர்வை விரித்துவிட்டால் சீட்டில் கிரீஸ் ஒட்டாது. டிஸ்க் பிரேக் சைக்கிளாக இருந்தால், சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் இரண்டு பேடுகளும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், திரும்பச் சக்கரத்தை மாட்ட முடியாது. நடுவில் ஒரு மடித்த அட்டையைச் செருகி வைப்பது நல்லது.

சைக்கிளுக்கு அடி படாது, மைலேஜ் குறையாது, போலீஸ் நிறுத்தாது, டீ குடிக்க இறங்கினால் திருட்டு பயமும் இல்லை. நல்ல பழைய 'ஹீரோ', 'அட்லஸ்' வகை கம்பி பிரேக் சைக்கிள்தான் கொஞ்சம் மல்லுக்கட்டும். முழு செயின் கவர், மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 20 கிலோவைத் தொடும் அந்த வண்டிகள் கார் ரேக்குக்காகப் பிறந்தவை அல்ல. நாலைந்து சைக்கிள் என்றால் நண்பர்கள் சேர்ந்து ஒரு குட்டியானை பிடிப்பதே கணக்குக்குச் சரியாக வரும்.

பின்கதவு ரேக்: அகலத்தைக் கவனிங்க

இருப்பதிலேயே விலை குறைவானது பின்கதவில் பெல்ட் போட்டு மாட்டும் ரேக்தான். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று கதவின் விளிம்புகளில் கொக்கிகளை மாட்டி, பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும். கொக்கி உட்காரும் இடம் இரும்புத் தகடாக இருக்க வேண்டும் என்பது முதல் விஷயம். இன்றைய ஹேட்ச்பேக் பலவற்றில் பின்கண்ணாடிக்கு மேல் பிளாஸ்டிக் ஸ்பாய்லர் துருத்திக்கொண்டிருக்கிறது. அதில் கொக்கி மாட்டினால் உடையும். உங்கள் கார் மாடலின் பெயர் ரேக் கம்பெனியின் பொருத்தப் பட்டியலில் இல்லை என்றால், கடைக்காரர் 'எல்லா வண்டிக்கும் செட் ஆகும் சார்' என்று சொன்னாலும் விட்டுவிடுவது நல்லது.

பலரும் யோசிக்காத இரண்டாவது விஷயம் அகலம். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் நீளம் சுமார் 170 முதல் 185 செ.மீ. பின்கதவில் அது குறுக்காகத்தான் நிற்கும். மாருதி வேகன்ஆர் காரின் அகலமோ 162 செ.மீ., ஆல்டோ கே10 இன்னும் குறைவு, 149 செ.மீ. ஆல்டோவில் 180 செ.மீ. சைக்கிளை மாட்டினால் இரண்டு பக்கமும் சேர்த்து 31 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் அதை மறந்துபோய், ஒரு பைக்கை ஒட்டி ஓவர்டேக் எடுக்கும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்விஃப்ட்டில் (173.5 செ.மீ.) சிக்கல் குறைவு, இன்னோவா கிரிஸ்டாவில் (183 செ.மீ.) ஏறக்குறைய இல்லை.

சின்னக் கார் வைத்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. முன்சக்கரத்தைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டால் நீளத்தில் ஓர் அடிக்கு மேல் குறைந்துவிடும்.

பெண்கள் சைக்கிள், பிள்ளைகள் சைக்கிள் ஆகியவற்றில் மேல் கம்பி சரிவாகவோ இல்லாமலோ இருக்கும். ரேக்கில் தொங்கவிட அது தோதுப்படாது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே மாட்டுகிற தனிக் கம்பி ஒன்று விற்கிறது, அதையும் சேர்த்து வாங்க வேண்டும். கார்பன் ஃபிரேம் சைக்கிள் என்றால் ஃபிரேமை இறுக்கிப் பிடிக்கும் ரேக் எதுவுமே வேண்டாம். கார்பன் நெரிந்தால் விரிசல் வெளியே தெரியாது. சைலன்சர் குழாய்க்கு நேராக டயர் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட பயணத்தில் அந்தச் சூட்டுக்கு டயர் உருகிவிடும்.

கூரையில் ஏற்றினால்?

பார்க்க கம்பீரமாக இருப்பது கூரை ரேக். டிக்கியைத் திறக்கலாம், நம்பர் பிளேட் மறையாது. ஆனால் கூரை எவ்வளவு தாங்கும் என்பதைக் காருடன் வந்த புத்தகத்தில் பார்த்தே ஆக வேண்டும். ரெனோ ட்ரைபரின் கூரைக் கம்பிகளுக்கு அந்த கம்பெனி சொல்லும் அளவு 50 கிலோ. இன்னும் சில கார்களில் இருக்கும் கம்பிகள் வெறும் அழகுக்கு ஒட்டப்பட்டவை, எடையே வைக்கக் கூடாது.

50 கிலோ என்பது சைக்கிளுக்கு மட்டுமான கணக்கு இல்லை. குறுக்குக் கம்பிகள் இரண்டும் சேர்த்து 5 கிலோ, ஒரு சைக்கிள் உட்காரும் தட்டு 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 16 கிலோ மவுன்டன் பைக் இரண்டு ஏற்றினால் 5 + 10 + 32 = 47 கிலோ. அவ்வளவுதான், மூன்றாவதுக்கு இடமில்லை. அதே இடத்தில் 22 கிலோ சாதா சைக்கிள் இரண்டு ஏற்றினால் 59 கிலோ, அளவு தாண்டிவிட்டது.

அடுத்தது உயரம். ஒன்றரை மீட்டர் உயரக் காரின் மேல் சைக்கிள் நின்றால் மொத்தம் 2.6 மீட்டர் வரை போகும். ரயில் பாதைக்குக் கீழே செல்லும் சுரங்கப்பாதைகளின் உயரத் தடுப்புக் கம்பி, கிராமத்துச் சாலையில் தாழ்ந்திருக்கும் புளியமரக் கிளை, திருவிழாப் பந்தல் எல்லாமே கண்ணில் வைக்க வேண்டியவை. இதில் ரொம்ப மோசமானது அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்தான். நாள் முழுக்க ஓட்டிக் களைத்து வீடு திரும்பி, மேலே சைக்கிள் இருப்பதை மறந்து நேராக பார்க்கிங்குக்குள் விட்டால் சைக்கிள், ரேக், கூரை மூன்றுக்கும் சேர்த்துச் செலவு. ஸ்டீயரிங்கில் 'மேலே சைக்கிள்' என்று ஒரு சீட்டு ஒட்டி வைப்பது சிரிப்பாக இருந்தாலும் வேலைக்கு ஆகும்.

மைலேஜும் இறங்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. 60-ல் போகிறவர் 90-க்கு ஏற்றினால் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகிவிடும். சைக்கிள் இல்லாத நாட்களில் ரேக்கைக் கழற்றி வைப்பதுதான் சிக்கனம்.

தார், ஜிம்னி போல ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும் வண்டிகளுக்கு அந்தச் சக்கரத்தின் மேல் மாட்டும் ரேக் தனியாக இருக்கிறது. வெளிநாட்டு யூடியூப் சேனல்கள் புகழ்ந்து தள்ளும் 'டோ ஹிட்ச்' ரேக் வேறு கதை. காரின் அடியில் இழுவைக் கொக்கி இருந்தால்தான் அதை மாட்ட முடியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது சாதாரணம், இங்கே கார்கள் பெரும்பாலும் அந்தக் கொக்கி இல்லாமலேதான் வருகின்றன. 1942-ல் ஸ்வீடனில் தொடங்கிய 'தூலே' போன்ற கம்பெனிகளின் பொருட்கள் தரமானவையாக இருக்கலாம், ஆனால் அவற்றுக்கு எழுதப்படும் விமர்சனங்கள் அந்த ஊர்க் காருக்கும் அந்த ஊர்ச் சட்டத்துக்குமானவை.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ, முன்னோ பின்னோ, உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். அதை இறக்கும் செலவும் நம் தலையில்தான். லாரியை மனதில் வைத்து எழுதியது போலத் தோன்றினாலும், சட்டத்தில் இருக்கும் சொல் 'மோட்டார் வாகனம்'. வேகன்ஆரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஹேண்டில்பாருக்கு இது பொருந்தாது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இழுவைக் கொக்கியை வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டலாமே என்று தோன்றலாம். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் 182ஏ(4) பிரிவு வருகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்கும். நிரந்தரமாக எதையாவது பொருத்தும் எண்ணம் இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்வது உத்தமம். கையால் மாட்டிக் கையால் கழற்றும் ரேக்கில் இந்தத் தலைவலி குறைவு.

பின்பக்க ரேக்கில் நம்பர் பிளேட்டும் பிரேக் விளக்கும் மறைந்துவிடுகின்றன. ஐரோப்பாவில் ரேக்கின் மேலேயே இன்னொரு நம்பர் பிளேட்டும் விளக்குப் பலகையும் மாட்டுவார்கள். இங்கே 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், கழற்ற முடியாத பூட்டோடு வருகிறது. அட்டையில் எண்ணை எழுதித் தொங்கவிடுவது அதற்கு ஈடாகாது. சைக்கிளை உயர்த்தி மாட்டினால் பிளேட் தெரிகிறதா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தெரியவில்லையா, அந்த ரேக் உங்கள் காருக்கானது இல்லை.

எப்படிக் கட்டுவது?

சுமை கட்டுவதில் ஆரணி, கலசப்பாக்கம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆளுயரப் புல்லுக்கட்டை டிவிஎஸ் 50-யில் வைத்து, பழைய சைக்கிள் ட்யூபால் ஒரே இழுப்பில் கட்டிவிட்டுப் போகிறவர்கள். ஆனால் அந்த ட்யூப் கயிறும், கடையில் விற்கும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறும் காருக்கு ஆகாது. குழியில் வண்டி குதிக்கும்போது ரப்பர் நீளும், நீண்டால் சைக்கிள் ஆடும், ஆட ஆடக் கொக்கி கழலும். பக்கிள் வைத்த நைலான் பெல்ட்தான் முக்கியப் பிடிமானமாக இருக்க வேண்டும். பெல்ட்டின் மிச்ச நுனி காற்றில் அடிக்காமல் முடிந்துவிடுங்கள்.

சக்கரம் சுற்றாமலும் ஹேண்டில்பார் திரும்பாமலும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். பம்ப், தண்ணீர் பாட்டில், விளக்கு எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். மின்சார சைக்கிள் என்றால் பேட்டரியையும் எடுத்துவிடலாம், சில கிலோ குறையும். மழைக்குப் பயந்து தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். அது பாய்மரம் போலக் காற்றைப் பிடித்து ரேக்கையே இழுக்கும். ரேக்கின் ரப்பர் கால் படும் இடத்தைத் துடைத்துவிட்டு மாட்டினால் பெயின்ட் தப்பிக்கும். நடுவில் இருக்கும் தூசிதான் உப்புத்தாள் போலத் தேய்க்கிறது.

பெல்ட் ரேக்குக்குப் பூட்டு கிடையாது என்பதால் வழியில் சாப்பிட நிறுத்தினால் கண்ணில் படும் இடத்தில் நிறுத்துங்கள். கிளம்பிய முதல் பத்து கிலோமீட்டரில் ஒரு தடவை இறங்கி பெல்ட்டை மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும், புது பெல்ட் நிச்சயம் தளர்ந்திருக்கும். ஜமுனாமரத்தூர் வரை காரிலேயே போகிறவர்கள் மலையேறுவதற்கு முன் போளூரிலேயே இன்னொரு தடவை சரிபார்த்துவிடுவது நல்லது. மலைப்பாதை வளைவுகளில் ஓரம் கட்டி நிறுத்த இடம் தேடுவது லேசுப்பட்ட வேலையில்லை.