பிள்ளைகளின் அட்டைகளுக்கும் ஒரு பேரேடு

சார்ஜா நகரின் நடுவே ரோலா என்றோர் இடம் உண்டு. அங்கு நின்ற ஆலமரம் ஒன்றின் பெயரே அவ்விடத்தின் பெயராயிற்று. பெருநாட்களில் மக்கள் கூடி ஊஞ்சல் கட்டி மகிழ்ந்த அந்த மரம் 1978இல் பட்டுப்போயிற்று. இன்று அச்சதுக்கத்தில் அதன் நினைவுச் சின்னமே நிற்கிறது. சுற்றியுள்ள தெருக்களில் தமிழும் மலையாளமும் சிங்களமும் கேட்கின்றன. அங்கு வாழும் நம்மவர் குடும்பங்களின் மனத்தில் நீங்காதிருக்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கிருந்து அடுத்து எங்கே?

ஐக்கிய அரபு இராச்சியம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. பெரும்பாலானோர்க்கு வேலை உள்ளவரைதான் வதிவிட அனுமதி. வேலை போனால், தரப்படும் அவகாசத்துக்குள் புறப்பட்டாக வேண்டும். அவ்வேளையில் சமையற் பாத்திரங்களுக்கும் பாடப் புத்தகங்களுக்கும் இடையே, பிள்ளை பல ஆண்டுகளாகச் சேர்த்த போக்கிமான் அட்டைகளுக்கும் கிரிக்கெட் அட்டைகளுக்கும் பெட்டியில் இடம் கிடைக்குமா என்பது ஐயமே.

இந்த இழப்பை நாம் அறிவோம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேறியபோது, கையிற் கொண்டது போக மற்றவை யாவும் அங்கேயே தங்கின. அவற்றுள் எத்தனையோ முத்திரைத் தொகுப்புகளும் இருந்தன. அவற்றில் என்னென்ன இருந்தன என்று இன்று எவராலும் கூற இயலாது. பொருளோடு பட்டியலும் போயிற்று. பலரிடம் பட்டியல் என்று ஒன்று இருந்ததுமில்லை.

அந்தத் தொகுப்புகள் பலவற்றில் சார்ஜாவும் இருந்தது என்பது விந்தை. சார்ஜா 1963இல் தன் பெயரில் முத்திரை வெளியிடத் தொடங்கியது. அஜ்மான், புஜைரா, உம்மல் குவைன், ராசல் கைமா ஆகியன 1964இல் பின்தொடர்ந்தன. விண்வெளிப் பயணம், ஒலிம்பிக் விளையாட்டு, ஓவியங்கள் எனப் பலவண்ணத்தில் அவை குவிந்தன. கடிதத்தில் ஒட்டுவதற்கென்றல்ல, சேகரிப்போர்க்கு விற்பதற்கென்றே அவற்றுட் பெரும்பாலானவை அச்சிடப்பட்டன. இச்சிற்றரசுகள் இணைந்தபின், 1972ஆம் ஆண்டுடன் அவ்வழக்கம் ஓய்ந்தது. 'மணல்மேட்டு முத்திரைகள்' என்று உலகம் அவற்றுக்குப் பெயரிட்டது. பிரித்தானியாவின் ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியல் அவற்றுட் பலவற்றைப் பின்னிணைப்பில் மட்டும் சேர்த்தது. ஜேர்மனியின் மிசேல் பட்டியல் எண்ணிட்டு வரிசைப்படுத்தியது. அழகானவை யாவும் அரியவை அல்ல என்பதைச் சேகரிப்பாளர் அப்பட்டியல்களைக் கொண்டே அறிந்தனர்.

அந்தப் பட்டியலின் பணியை இன்று கைத்தொலைபேசிச் செயலி ஒன்று செய்கிறது. அட்டையைக் கமராவின் முன் வைத்தால், செயலி அதன் படத்தைத் தன் களஞ்சியத்திலுள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பெயரையும் வரிசையையும் கூறுகிறது. எனினும் அதை முற்றாக நம்புதல் தகாது. போக்கிமான் அட்டையின் கீழ் மூலையிலுள்ள எண்ணைப் பிள்ளையே வாசித்துச் சரிபார்க்க வேண்டும். '4/102' என்றிருந்தால், 102 அட்டைகள் கொண்ட வரிசையில் அது நான்காவது என்று பொருள். ஒரே படம் முதற் பதிப்பாகவும் பிற்பதிப்பாகவும், பல மொழிகளிலும் வந்திருக்கும். செயலி இடறும் இடம் இதுவே. விலை பெரிதும் வேறுபடும் இடமும் இதுவே.

நிழல் விழாத ஒளியில், உறையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகப் படம் பிடித்தல் நன்று. பெயர், வரிசை, எண், மொழி, பதிப்பு, நிலை ஆகிய ஆறும் பதிவாக வேண்டும். மூலை மடிந்திருந்தால் மடிந்தது என்றே எழுதுக. யார் தந்தது, எப்போது கிடைத்தது என்பதையும் குறிப்பில் சேர்க்கலாம். எந்த நிறுவனத்தின் களஞ்சியமும் அதை நமக்குச் சொல்லாது.

செயலி காட்டும் விலை குறித்தும் எச்சரிக்கை வேண்டும். அது பெரும்பாலும் அமெரிக்க அல்லது ஐரோப்பியச் சந்தையில் நடக்கும் விற்பனையைக் கொண்டு கணிக்கப்படுவது. ரோலாவில் எவரும் அவ்விலை தருவர் என்பதற்கு உறுதியில்லை. பெரும்பாலான அட்டைகள் சில காசுகளே பெறும். ஆனால் நாட்டை விட்டுப் புறப்படும் அவசரத்தில் முழுத் தொகுப்பையும் ஒரே விலைக்குக் கேட்போர் முன், எவை கொண்டு செல்லத்தக்கவை, எவை கொடுக்கத்தக்கவை என்று அறிந்திருப்பது குடும்பத்துக்கு நன்மை.

இன்னும் இரண்டு காரியங்கள் உள. செயலியும் ஒருநாள் மூடப்படலாம். ஆகவே பட்டியலை அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்து, மின்னஞ்சலில் ஒரு பிரதியும் வேறு நாட்டிலுள்ள உறவினரிடம் ஒரு பிரதியும் வைத்தல் வேண்டும். அடுத்து, கைத்தொலைபேசிப் படங்களில் அவை எடுக்கப்பட்ட இடம் பதிவாவதுண்டு. புகலிட வழக்கு நடப்பில் உள்ளோர், அந்த வசதியை நிறுத்திவிட்டே படமெடுக்க வேண்டும். தொகுப்பைப் பிறர் பார்க்கும்படி விடுவதும் வேண்டாம்.

சேகரிப்பு ஏட்டின் ஒரு பக்கத்தில் வழமையாக ஒன்பது அட்டைகள். விடுமுறை நாளில் பிள்ளையோடு அமர்ந்து ஒரு பக்கத்தை முடித்தாலே போதும். பிள்ளை எண்ணை வாசிக்கட்டும், பெற்றோர் எழுதட்டும். விமான நிலையத்தில் ஏடு கைவிட்டுப் போனாலும், தான் என்ன வைத்திருந்தேன் என்று அந்தப் பிள்ளையால் பின்னொரு நாள் சொல்ல முடியும். வலிகாமத்திலிருந்து புறப்பட்ட பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை.