இரட்டைப் பிள்ளையா? நஞ்சு ஒன்றா, இரண்டா என்று கேளுங்கள்

காளஹஸ்தி:- வயிற்றில் இரட்டை என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, ஆணா பெண்ணா என்பதுதான். ஸ்கான் பார்த்து அதைச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேட்க வேண்டியதோ வேறு. பிள்ளைக்குப் பின் விழும் நஞ்சு ஒன்றா, இரண்டா?

ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சில் வார்த்தாற்போன்ற இரட்டையரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே நஞ்சைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பங்கு சமமாக இருக்கும் என்பதில்லை. ஒரு பிள்ளையின் தொப்புள்கொடி நஞ்சின் ஓரத்திலோ, நஞ்சை விட்டு விலகிப் பனிக்குடச் சவ்விலோ சேர்ந்திருந்தால், அப்பிள்ளையின் வளர்ச்சி பின்தங்கலாம். ஒற்றைப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்றாகக் காணும் சவ்வுச் சேர்க்கை, இவ்வகை இரட்டையரில் பல மடங்கு அதிகம்.

நஞ்சின் மேல் இருவரின் ரத்தக்குழாய்களும் இணைந்திருப்பதால், ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் போய்விடுவதும் உண்டு. நூற்றுக்கு 10 முதல் 15 வரை. ஒன்றைச் சுற்றி நீர் வற்றும், மற்றதைச் சுற்றிப் பெருகும். திடீரென வயிறு பெருத்தால், “இரட்டைதானே” என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருக்கக் கூடாது. குழாய் இணைப்புகளை லேசரால் அடைப்பது, நீரை வடிப்பதைவிட மேல் என்று 2004-இல் ஐரோப்பிய டாக்டர்கள் காட்டினர்.

நஞ்சின் கணக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் நன்கு தெரியும். ஒன்றே என்றால், 16-ஆம் வாரம் முதல் இரு வாரத்துக்கொரு ஸ்கான். காளத்திநாதரை வேண்டிக்கொள்ளட்டும், கூலி போகிறதே என்று தவணையைத் தள்ள வேண்டாம். ரேணிகுண்டா வழியே திருப்பதிக்குப் போனால் அரசு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. தெலுங்கில் கேட்க, “மாவி ஒகடா, ரெண்டா?” என்றால் போதும்.